மளிகைச் சீட்டில் அரசியல்: வடசென்னை வீடுகளில் எது நிலைத்தது, எது நழுவியது

அரசுப் பொருள்தான், தமிழ்நாட்டுக் கம்பெனிதான், பன்னாட்டுக் கம்பெனி கூடாது, சூப்பர் மார்க்கெட் வேண்டாம் அண்ணாச்சி கடையே போதும். வண்ணாரப்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் வரை கொள்கைக்காக மளிகை வாங்கும் வீடுகள் இதில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்கின்றன. முதல் மாதம் எல்லாமே நடக்கும். வருடம் தாண்டியும் சீட்டில் இருப்பது, அடுப்பில் ஒழுங்காக வேலை செய்து, தெருமுனையிலும் கிடைக்கிற சரக்கு மட்டும்தான்.

சீக்கிரம் நழுவுவது கூல்ட்ரிங்க்ஸ். 2017 ஜனவரி ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் சூடு ஆறுமுன், வணிகர் சங்கங்கள் மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்பதில்லை என்று அறிவித்தன. பொவண்டோ, பன்னீர் சோடா, கோலி சோடா எல்லாம் முன்வரிசைக்கு வந்தன. பொவண்டோ தயாரிக்கும் காளிமார்க் 1916-இல் தொடங்கிய கம்பெனி. பிரியாணிக்கு அதுதான் சரியான ஜோடி என்பதில் மாற்றுக்கருத்துக்கு இடமில்லை. ஆனாலும் நாளடைவில் பழைய பாட்டில்கள் கடைக்குத் திரும்பிவிட்டன. இதில் கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. கண்ணாடிக் கதவு வைத்த ஃப்ரிட்ஜைப் பெரும்பாலும் பெரிய கம்பெனியே கொடுக்கிறது, தன் சரக்கை மட்டும் அடுக்கவேண்டும் என்ற ஏற்பாட்டோடு. உள்ளூர் பாட்டில் வெளியே பெட்டியில் வெந்துகொண்டிருக்கும். சூடான பாட்டிலைத் திறந்தால் கேஸ் பொங்கிப் போய், மிஞ்சுவது சர்க்கரைத் தண்ணீர். முந்தைய நாளே வாங்கி வீட்டு ஃப்ரிட்ஜில் வைப்பதுதான் வழி. ஒரே தடவையில் தீராது என்றால் பெரிய பாட்டில் வேண்டாம்.

இன்னொரு பொறி: கோக் வேண்டாம் என்று மாஸா வாங்குவது. மாஸா, தம்ஸ் அப், லிம்கா மூன்றும் 1993-இல் பார்லேயிடமிருந்து கோகா-கோலாவுக்குப் போனவை. ஸ்லைஸ், மவுண்டன் டியூ, லேஸ், குர்குரே எல்லாம் பெப்சி. ஹார்லிக்ஸும் ப்ரூ காபியும் இந்துஸ்தான் யூனிலீவர். பெங்களூர்ப் பெயராகவே ஒலிக்கும் எம்.டி.ஆர். 2007 முதல் நார்வேயின் ஓர்க்லாவிடம் இருக்கிறது.

நன்றாக நிலைத்தது பால். மாதவரம் பண்ணை பக்கத்தில், பூத்தும் நடக்கிற தூரத்தில். ஆவின் வாங்குவது இங்கே அரசியலாகவும் ஆகிவிட்டது. 2021 மே மாதம் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தார்கள். 2023 மார்ச்சில் தயிர் பாக்கெட்டில் ‘தஹி’ என்று இந்திப் பெயரை அச்சிடச் சொன்ன மத்திய உத்தரவு எதிர்ப்பு கிளம்பியதும் திருத்தப்பட்டது. அதே வருடம் மே மாதம், ஆவின் கொள்முதல் பகுதிகளில் அமுல் நிறுவனம் பால் கொள்முதல் செய்வதை நிறுத்தச் சொல்லி முதல்வர் ஸ்டாலின் அமித் ஷாவுக்குக் கடிதம் எழுதினார். ஆனால் வீட்டில் பிரச்சினை வந்தது டீயில்தான். 4.5 சதவீதக் கொழுப்புள்ள பச்சை பாக்கெட்டை 2023 கடைசியில் சென்னையில் நிறுத்தப்போவதாக அறிவித்து, 3.5 சதவீத ஊதாவை அதே விலைக்குக் கொடுத்தார்கள். டீ வெளுத்தது, தயிர் தளர்ந்தது, சில வீடுகள் தனியார் பாலுக்குத் தாவின. தாவ விரும்பாதவர்களுக்குக் கணக்கு எளிது: ஆரஞ்சு 6 சதவீதம், நீலம் 3 சதவீதம், இரண்டையும் அரை லிட்டர் அரை லிட்டராகக் கலந்தால் பழைய 4.5 வந்துவிடும். தயிருக்கு ஆரஞ்சை மட்டும் வைத்துக்கொள்ளலாம். மிக்ஜாம் புயல் வாரத்தில் மட்டும் எந்தக் கொள்கையும் செல்லவில்லை. கையில் எந்த பாக்கெட் கிடைத்ததோ அதுதான் பால்.

உப்பில் பாக்கெட்டிலிருந்த ஜெயலலிதா படத்துக்காக வாங்கியவர்கள் அதிகம். 2014-இல் வந்த அம்மா உப்பில் இரும்புச்சத்து சேர்த்த வகையும் இருந்தது. சாம்பாருக்குக் குறையில்லை. ஊறுகாய், மோர்மிளகாய்க்கு அது வேண்டாம், நிறம் கறுக்க வாய்ப்புண்டு. அதற்குக் கல்லுப்புதான். ரேஷன் பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வடை, பஜ்ஜிக்கு நன்றாக நிற்கும், மார்கழியில் அடியில் உறையும். சுதேசி என்று சொல்லிக்கொண்டு இதை வாங்கினால் கொஞ்சம் சிரிப்பு வரும், இதற்கான எண்ணெய்ப்பனை நிற்பது பெரும்பாலும் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும்தான். ரேஷனில் கடலை எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ கொடுங்கள் என்று விவசாயிகள் கேட்டுக்கொண்டே இருப்பதும் இதனால்தான்.

பாக்கெட்டின் முன்பக்கத்தில் தமிழில் பெயர், கோபுரம், காளை என்று எதை வேண்டுமானாலும் போடலாம். பின்பக்கத்தைப் பாருங்கள். பார்கோடு 890 என்று தொடங்கினால் இந்தியாவில் பதிவு செய்த எண் என்பது மட்டுமே பொருள். சரக்கு எங்கே தயாரானது என்று அது சொல்லாது. உணவு உரிம எண்ணில் 14 இலக்கம். முதல் இலக்கத்துக்கு அடுத்த இரண்டும் மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 24. எண் 100 என்று தொடங்கினால் மத்திய உரிமம், மாநிலம் தெரியாது, முகவரியைத்தான் படிக்கவேண்டும். தயாரித்தவர், பொட்டலமிட்டவர், சந்தைப்படுத்துபவர் என மூன்று பெயர் இருந்தால் லாபம் பெரும்பாலும் மூன்றாவது பெயருக்குப் போகும்.

செக்கு எண்ணெய்க்கு லேபிளைவிடத் தராசு உதவும். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டேகால் முதல் இரண்டரை கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். கொத்தவால்சாவடியில் அன்றைய பருப்பு விலையைக் கேட்டுப் பெருக்கிப் பாருங்கள். பிண்ணாக்கு விற்ற காசு செக்கில் ஆட்டும் கூலிக்குச் சரியாகப்போகும் என்று வைத்தாலும், அந்தத் தொகைக்கு வெகுவாகக் கீழே லிட்டர் கிடைத்தால் அது கலப்பு எண்ணெய்தான், டப்பாவில் எந்த மண்ணின் பெருமை எழுதியிருந்தாலும்.