மூன்று ஜோடிகளில் உப்புக் காற்றுக்கு எது தாங்கும்?

டோப்பாலஜிக்கல் இன்சுலேட்டர் என்பது உள்ளே மின்சாரத்தைக் கடத்தாமல் மேற்பரப்பில் மட்டும் கடத்தும் பொருள். அதன் படலத்தின் மேற்பரப்பில் மீகடத்துத்திறனை (மின்தடையே இல்லாமல் கடத்தும் தன்மையை) தூண்ட, அதை வேறொரு பொருளோடு ஜோடி சேர்க்கிறார்கள்; பலரும் மாறுநிலை வெப்பநிலையை (மீகடத்தல் தொடங்கும் வெப்பநிலையை) பார்த்தே சேர்க்கிறார்கள். மண்டபம், தொண்டி போன்ற கடற்கரை ஊரில் படலத்தை வைத்திருந்து, ஒயர் கட்டி, ஹீலியம் கிடைக்கும் ஊருக்கு எடுத்துப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது, இரு படலங்களும் தொடும் இடைமுகத்தை.

பிஸ்மத் செலினைடு என்ற டோப்பாலஜிக்கல் இன்சுலேட்டரை, நியோபியம் டைசெலினைடு என்ற மீகடத்தியின் (மாறுநிலை வெப்பநிலை 7.2 கெல்வின்) மேல் வளர்க்கும் வழி 2012-இல் செய்து காட்டப்பட்டது. படிகத்தை வெற்றிடத்துக்குள்ளேயே பிளந்து வளர்ப்பதால் இடைமுகத்தில் காற்றே படாது. ஆராய வேண்டிய பரப்பும் மேலேயே இருக்கும். பரப்பை அணு அளவில் ஆராயும் டனலிங் நுண்ணோக்கியின் ஊசி நேராக இறங்கலாம். சிக்கல் தடிமனில்தான். ஐந்து அணு அடுக்குகள் கொண்ட ஒரு தொகுதி ஏறத்தாழ 1 நானோமீட்டர். 6 தொகுதிக்குக் கீழே போனால் மேற்பரப்பும் அடிப்பரப்பும் கலந்து, நமக்கு வேண்டிய மேற்பரப்பு நிலையே குலையும். தடிமனைக் கூட்டினால், அடியிலிருந்து ஏறிவரும் மீகடத்து ஆற்றல் இடைவெளி (மீகடத்தலின் வலிமையைக் காட்டும் அளவு) சுருங்கும். 6-இல் தொடங்கி ஒவ்வொன்றாகக் கூட்டிப் பாருங்கள். செலினியம் குறைந்தால் படிகத்தில் செலினியம் அணு இல்லாத காலியிடங்கள் பெருகி, உட்பகுதியும் கடத்தும். அதனால் வளர்க்கையில் செலினியம் எப்போதும் மிகுந்தே இருக்கட்டும்.

இரண்டாவது வழி, செலினைடு படலத்தின் மேல் நியோபியத்தை ஸ்பட்டர் செய்வது (அயனிகளால் உலோகத்தைத் தெறிக்கவைத்துப் படியவைப்பது). இது மலிவு, நியோபியத்தின் மாறுநிலை வெப்பநிலை 9.2 கெல்வின் என்பதால் திரவ ஹீலியமே (4.2 கெல்வின்) போதும். ஆனால் படலம் ஒருமுறை வெளியே வந்துவிட்டால் ஆக்சைடு படியும். அதைப் போக்க ஆர்கான் அயனியை வேகமாக அடித்தால் செலினியமும் பறந்துவிடும். குறைந்த ஆற்றலில், சிறிது நேரமே அடியுங்கள். குளிர்விக்கையில் தொடுமின்தடை (இரு படலங்களும் தொடும் இடத்தின் மின்தடை) இறங்காமல் ஏறினால் இடைமுகம் கெட்டிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

இரும்பு டெல்லுரைடும் பிஸ்மத் டெல்லுரைடும் தனித்தனியே மீகடத்திகள் அல்ல. சேர்த்தால் ஏறத்தாழ 12 கெல்வினில் மீகடத்துகின்றன (2014). கவர்ச்சியான ஜோடிதான், ஆனால் இந்தக் கரைக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரும்பு டெல்லுரைடு படலம் ஆக்சிஜனை ஏற்றாலே தானாக மீகடத்தத் தொடங்கும். காற்று புகுந்ததை இடைமுகத்தின் வேலை என்று எண்ணிவிடலாம். அதே வெற்றிடக் கலத்தில் வளர்த்த வெறும் இரும்பு டெல்லுரைடு படலத்தையும் அதே நாட்கள் வைத்திருந்து ஒப்பிடாமல் எந்த அளவீட்டையும் நம்பாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை வாடைக்காற்றில் சிலிக்கா ஜெல் சீக்கிரமே நீலம் மாறி இளஞ்சிவப்பாகும், மாறியவுடன் வறுத்துவிடுங்கள். அலுமினிய ஒயரை உப்பு அரிக்கும், தங்கம் கட்டுங்கள். செலினைடு படலத்தின் மேல் செலினியம் அடுக்கை மூடியாகப் போட்டே வெளியே எடுங்கள்; பிறகு வெற்றிடத்தில் 200 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்கினால் மூடி ஆவியாகிவிடும்.