அப்பாவின் டைம்ஷேரை முடிக்க ஊருக்குப் போன கதை

ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் இருந்து சிங்கப்பூருக்கு ஐந்து மணி நேரம்தான். நேர வித்தியாசமும் கிடையாது. அதனால் யீஷூனில் தனியாக இருக்கும் அம்மாவிடம் தினமும் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் பேசிவிடுவேன். 2025 மே 7, புதன்கிழமை. வழக்கம்போல் பேசிக்கொண்டிருந்தபோது, "போர்ட் டிக்சன் வீட்ட எடுத்துக்க ஆள் வந்தாச்சு, கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றார். மலேசியக் கடற்கரை ஊரான போர்ட் டிக்சனில் அப்பா வாங்கிப் போட்டிருந்த டைம்ஷேரைத்தான் சொன்னார். எவ்வளவு தருகிறார்கள் என்று கேட்டேன். "அவங்க தரலம்மா, நான்தான் 3,800 வெள்ளி கொடுத்தேன்" என்றார். வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர். ஜூன் மாதத்துக்கு வாங்கி வைத்திருந்த விடுப்பை முன்னுக்கு மாற்றிக்கொண்டு வெள்ளிக்கிழமை விமானம் ஏறினேன்.

சாங்கியில் கடப்பிதழைக் கையில் எடுக்கவே தேவைப்படவில்லை. முகத்தையும் கண்ணையும் பார்த்துத் தடுப்பு திறந்துகொண்டது. பதினான்கு வருடமாக வெளியே இருக்கிறேன், ஒவ்வொரு முறையும் இது ஒரு படி முன்னே போயிருக்கிறது. அடுத்த இரண்டு வாரம் நான் அலைந்ததில் அரசாங்க அலுவலகத்தால் வந்த அலைச்சல் எதுவும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

டைம்ஷேர் என்பது விடுமுறை விடுதியில் ஒரு வீட்டை வாரக் கணக்கில் கூறுபோட்டு விற்பது. 1960களில் ஐரோப்பாவில் ஆரம்பித்த வியாபாரம். வருடத்தில் ஒரு வாரம் உங்களுடையது. அந்த உரிமைக்கு ஒரு விலை, அதன்பின் ஒவ்வொரு வருடமும் பராமரிப்புக் கட்டணம். 1990களில் சிங்கப்பூரில் இருந்தவர்களுக்கு அந்தத் தொலைபேசி அழைப்பு நினைவிருக்கும்: உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, கணவன் மனைவி இருவரும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். அப்பாவும் அம்மாவும் அப்படித்தான் 1997இல் போனார்கள். பரிசாக ஒரு சூட்கேஸ் கிடைத்தது. கூடவே போர்ட் டிக்சன் கடற்கரையில் ஒரு வாரம், 2036 வரை. விலை 14,500 வெள்ளி, நான்கு வருடத் தவணை.

அப்பாவை ஏமாந்தவர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அலமாரியில் அவருடைய நீல அட்டை நோட்டு இருந்தது. ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு பக்கம், மேலே கட்டணம், கீழே யார் யார் வந்தார்கள், என்ன சமைத்தார்கள். "1999 ஜூன். 480 ரிங்கிட். நாங்கள் நால்வர், அண்ணி வீட்டார் மூவர். நண்டு இரண்டு கிலோ. அம்மாவுக்குத் தனி அடுப்பில் சாம்பார். பெட்ரோல் முக்கால் டாங்க்." சிங்கப்பூர் வண்டி முக்கால் டாங்க் பெட்ரோல் இல்லாமல் எல்லையைத் தாண்ட முடியாது. அந்த விதிக்காகப் புறப்படுவதற்கு முந்தின இரவே நிரப்பிவிட்டு வருவார்.

அந்த சாம்பார் வரிதான் டைம்ஷேரின் உண்மையான பலன். இரண்டு படுக்கையறை, கூடம், அடுப்போடு சமையலறை. அந்த வரியில் வரும் அம்மா அப்பாவின் அம்மா. கவிச்சி படாத பாத்திரத்தில்தான் பாட்டி சாப்பிடுவார். ஹோட்டல் அறை என்றால் அவரை அழைத்துப் போயிருக்கவே முடியாது. ஏழு பேர் ஒரே கூரையில் ஒரு வாரம் இருந்தோம். துறைமுகத்தில் மேற்பார்வையாளராக இருந்த அப்பா, எங்கள் படிப்பு முடியும்வரை வேறு எதற்கும் விடுப்பு எடுத்ததாக எனக்கு நினைவில்லை. இந்த வாரத்துக்கு மட்டும் எடுத்தார், போகாவிட்டால் கட்டிய காசு வீண் என்பதால். 2004இல், டைம்ஷேர் வாரங்களை மாற்றிக்கொடுக்கும் ஆர்சிஐ நிறுவனம் வழியாக எங்கள் வாரத்தைக் கொடுத்து கோல்டு கோஸ்டில் ஒரு வாரம் மாற்றிக்கொண்டார். நான் ஆஸ்திரேலிய மண்ணை முதலில் மிதித்தது அப்போதுதான்.

இன்னொரு பலனை விற்றவர்களும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். வாங்கிய வருடத்தின் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கு 1.80 ரிங்கிட்கூடக் கிடைக்கவில்லை. ஆசிய நிதி நெருக்கடியில் ரிங்கிட் சரிந்தது, 1998 செப்டம்பரில் ஒரு அமெரிக்க டாலருக்கு 3.80 என்று மலேசியா நிலைநிறுத்தியது. 2025இல் ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல். கட்டணம் 480இல் இருந்து 1,650 ரிங்கிட்டுக்கு ஏறியும், வெள்ளிக் கணக்கில், வாங்கிய வருட மாற்று விகிதப்படி சுமார் 270 ஆக இருந்தது 500 ஆகத்தான் ஆகியிருக்கிறது. மலேசியாவிலேயே சம்பளம் வாங்கி இதே கட்டணத்தைக் கட்டியவர்கள் பாடு வேறு.

சரி, பாதகத்துக்கு வருகிறேன். நோட்டில் 1997 முதல் 2015 வரை பதினேழு பயணங்கள் இருக்கின்றன. அதற்குப் பிறகு அப்பா இறந்த 2024 வரை மூன்றே பயணங்கள். கட்டணம் மட்டும் ஒரு வருடம்கூட நிற்கவில்லை. ஒருமுறை கூரையும் நீச்சல்குளமும் பழுதுபார்க்க என்று தனியாக 900 ரிங்கிட். 1,650ஐ ஏழால் வகுத்தால் ஓர் இரவுக்கு 236 ரிங்கிட். அதே விடுதியில் வார நாளில் ஓர் அறை இணையத்தில் 210 ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது. அதற்கு முன்பணமாக 14,500 வெள்ளி கட்ட வேண்டாம், பிடிக்காவிட்டால் அடுத்த முறை வேறு இடம் போகலாம். பள்ளி விடுமுறையான ஜூனிலும் டிசம்பரிலும்தான் எல்லாருக்கும் வாரம் வேண்டும் என்பதால், மாற்ற நினைத்தாலும் பல மாதம் முன்பே கேட்க வேண்டும். இப்போது அம்மாவுக்கு முழங்கால் வலி, வண்டியும் இல்லை.

ஆனாலும் என்னை உறுத்துவது பணமில்லை. அதை விட்டு வெளியே வர வழி இல்லாமல் இருந்ததுதான். வாங்க ஆளில்லை. அப்பா உயிரோடு இருந்தபோதே இரண்டு முறை விளம்பரம் கொடுத்துப் பார்த்தார், இலவசமாகத் தருகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தார். இப்படி மாட்டிக்கொண்டவர்களைத் தேடித்தான் அடுத்த கூட்டம் வருகிறது. அம்மா வீட்டுக் கதவைத் தட்டியவர் கோட்டு போட்டு, கோப்போடு வந்திருந்தார். அப்பாவின் பெயரும் வார எண்ணும் அவரிடம் இருந்தன. வாங்குபவர் தயார், பதிவுக் கட்டணம் மட்டும் நீங்கள் கட்டினால் போதும் என்றிருக்கிறார். கணவர் போய் ஆறு மாதம் ஆன ஒரு பெண்மணியிடம், இந்தக் கட்டணக் கடிதங்கள் இனி வராது என்று சொன்னால் அவர் கையெழுத்துப் போடுவார்தான். இதில் அம்மா மேல் எனக்கு ஒரு துளி கோபமும் இல்லை.

சனிக்கிழமை காலை ஒப்பந்தத்தை மேசையில் விரித்து வரிக்கு வரி படித்தேன். வாங்குபவர் பெயர் எங்கும் இல்லை. "விற்பனைக்கு முயற்சி செய்வோம்" என்றுதான் இருந்தது. கடைசித் தாளில் பொடி எழுத்தில், ரத்து செய்யும் உரிமை ஐந்து நாள். புதன் கையெழுத்து, வியாழன், வெள்ளி போய்விட்டன. திங்கள் விசாக தினம், எங்கும் விடுமுறை. செவ்வாய் காலை ஒன்பது மணிக்குப் பயனீட்டாளர் சங்கமான கேஸுக்கு அழைத்தேன்.

எதிர்முனையில் பேசிய பெண் அவசரப்படாமல் கேட்டுக்கொண்டார். டைம்ஷேர், அதோடு தொடர்புடைய ஒப்பந்தங்கள், வீடு தேடி வந்து விற்பவை எல்லாவற்றுக்கும் இந்த ஐந்து நாள் பொருந்தும், சனி, ஞாயிறு, பொது விடுமுறை கணக்கில் சேராது என்றார். முன்பு மூன்று நாளாக இருந்ததை 2009இல்தான் ஐந்தாக்கினார்களாம். "உங்களுக்கு வியாழன் வரைக்கும் இருக்கு. ஆனா இன்னிக்கே எழுத்துல கொடுத்துடுங்க" என்றார். பணம் திரும்ப வராவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம், அங்கே வழக்கறிஞர் தேவையில்லை, 20,000 வெள்ளி வரை விசாரிப்பார்கள் என்றும் சொன்னார். நான்கு வரிக் கடிதம். அம்மா கையெழுத்திட, யீஷூன் அஞ்சலகத்தில் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வாங்கினேன். மின்னஞ்சலிலும் ஒரு நகல்.

அன்று மாலையே அவர்கள் அம்மாவை அழைத்தார்கள். "உங்க மகள் வெளிநாட்டுல இருக்காங்க, அவங்களுக்கு இங்க நிலவரம் புரியாது" என்றார் அந்த ஆள். அம்மா ஒலிபெருக்கியில் போட்டிருந்தார். "அவளுக்குப் புரியும் தம்பி. கடிதம் நான் எழுதினது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அடுத்து விடுதி. இரண்டு விஷயம் தெளிவாக வேண்டியிருந்தது. அக்கம்பக்கத்துச் சமூக மன்றத்தில் நடந்த இலவசச் சட்ட ஆலோசனையில் ஒரு வழக்கறிஞர் இருபது நிமிடம் ஒதுக்கினார். இறந்தவரின் கடன் அவர் விட்டுப்போன சொத்தில் இருந்துதான் தீர வேண்டும், பிள்ளைகள் சொந்தப் பணத்தில் கட்டத் தேவையில்லை, அதனால் உங்கள் பெயருக்கு மாற்றித் தருகிறோம் என்று விடுதி கேட்டால் கையெழுத்திடாதீர்கள் என்றார். ஆனால் ஒப்பந்தத்தைப் புரட்டியபோது அவர் முகம் மாறியது. அப்பா அம்மாவையும் கூட்டுரிமையாளராகச் சேர்த்திருந்தார். தனக்குப் பின் அவளுக்கு இருக்கட்டும் என்று செய்தது. அதனாலேயே 2036 வரை அம்மா தலையில் அது நின்றது.

விடுதியின் அலுவலகம் இறப்புச் சான்றிதழின் மூலப்பிரதியை முத்திரையோடு கேட்டது. சிங்கப்பூரில் 2022 மே 29 முதல் அப்படி ஒரு தாளே கிடையாது, மின்வடிவம் மட்டும்தான், அதிலுள்ள க்யூஆர் குறியீட்டை வருடிப் பார்த்தால் போதும். இதை மூன்று மின்னஞ்சலில் விளக்கினேன். மூன்றுக்கும் ஒரே பதில் வந்தது. நான்காம் நாள் நேராக அழைத்தேன், கிடைத்தவர் ஒரு தமிழ்ப் பெண். "அக்கா, இருங்க" என்று சொல்லித் தன் கைப்பேசியிலேயே வருடிப் பார்த்தார். "வந்துருச்சு அக்கா, பேர், தேதி எல்லாம் இருக்கு" என்றார். அன்று மாலை உரிமையை ஒப்படைக்கும் படிவம் வந்தது. இந்த வருடக் கட்டணம் 1,650, நிர்வாகக் கட்டணம் 500, மொத்தம் 2,150 ரிங்கிட். அம்மா சத்தியப்பிரமாண ஆணையர் முன் கையெழுத்திட்டார். இப்படி ஒப்படைக்க வழி இருக்கிறது என்று இத்தனை வருடத்தில் விடுதி ஒரு கடிதத்திலும் எழுதியதில்லை. அப்பா கேட்டபோதும் சொல்லவில்லை.

பெர்த்தில் என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் டைம்ஷேர் வாங்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆஸ்திரேலியாவில் இதை முதலீட்டுத் திட்டமாகக் கருதி, அங்குள்ள நிதி ஒழுங்குமுறை அமைப்பான ஏஎஸ்ஐசி கண்காணிக்கிறது, ஆகவே பயமில்லை என்பது அவர் வாதம். விலையையோ கடற்கரையையோ நான் பேசவில்லை. நீங்கள் போதும் என்று நினைக்கும் நாளில் எப்படி வெளியே வருவது, அது எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள் என்றேன்.

3,800 வெள்ளி ஐந்து வாரம் கழித்து அம்மாவின் கணக்குக்கு வந்தது. விடுதியின் உறுதிக் கடிதமும் வந்துவிட்டது. டிசம்பரில் போர்ட் டிக்சனில் இரண்டு இரவுக்கு வேறொரு ஹோட்டலில் அறை போட்டிருக்கிறேன். அறையில் அடுப்பு இருக்குமா என்று அம்மா கேட்டார். இருக்காது என்றேன். "அப்ப ரைஸ் குக்கர எடுத்துக்குவோம்" என்றார்.