மைக்ரேன் மாத்திரைகளோடு பல வருடம்: எது கைகொடுத்தது, எதில் கவனம் வேண்டும்

மைக்ரேனுக்கு எந்த மாத்திரை நல்லது என்று யாராவது கேட்டால், மாதத்தில் எத்தனை நாள் மாத்திரை போடுகிறீர்கள் என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பேன். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்தில் தலைவலி என்றால் பனடோல் (பாராசிட்டமால்), அதற்கும் கேட்காவிட்டால் பொன்ஸ்தான் (மெஃபனாமிக் அமிலம் என்ற வலி மாத்திரை), நடுநடுவே கோடாலி தைலம், அவ்வளவுதான் வைத்தியம். அதில் மாத்திரைகளுக்குத்தான் இந்த நாள் கணக்கு.

பாராசிட்டமால், பொன்ஸ்தான் மாதிரி தனி வலி மாத்திரைகள் என்றால் மாதத்தில் 15 நாள், காபீனோ கோடீனோ கலந்தவை, மைக்ரேனுக்கென்றே கொடுக்கும் எர்கோட்டமின், டிரிப்டான் வகைகள் என்றால் 10 நாள். இந்த அளவையோ இதற்கு மேலோ மூன்று மாதத்துக்கு மேல் தொட்டுக்கொண்டே இருந்தால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவர ஆரம்பித்துவிடும். எங்கள் அத்தைக்கு அப்படித்தான் ஆனது. பனடோல் எக்ஸ்ட்ரா கைப்பையில் இல்லாமல் கோயிலுக்குக்கூடப் போகமாட்டார், காலையில் கண் விழிக்கும்போதே வலி, ஒன்று போட்டால் மத்தியானம் வரை தாங்கும், அப்புறம் மறுபடி இன்னொன்று. அந்த ஒரு மாத்திரையில் 500 மில்லிகிராம் பாராசிட்டமாலோடு 65 மில்லிகிராம் காபீனும் இருக்கிறது, அது போக ஒட்டுக்கடை கோப்பி ஓ (பால் இல்லாத காபி) வேறு. கடைசியில் டவுன் மருந்துக்கடைப் பெண்தான், “என்ன ஆன்ட்டி, போன வாரம்தானே வாங்கினீங்க?” என்று கேட்டு டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் சொல்லி நிறுத்திய முதல் சில நாள் வலி கூடியது, வாந்தி வந்தது, வீட்டில் எல்லோருக்கும் திட்டு விழுந்தது. அதற்குப் பிறகு குறைந்தது.

அதைப் பார்த்ததிலிருந்து மளிகைக்கடைக்காரர் வருடா வருடம் கொடுக்கும் தமிழ் நாட்காட்டியில் மாத்திரை போட்ட நாளை வட்டமிட்டு வருகிறேன். டாக்டரிடம் போகும்போது படம் எடுத்துக் காட்டினால் போதும், “அடிக்கடி வருது டாக்டர்” என்று இழுக்கத் தேவையில்லை.

எனக்கு நன்றாகக் கேட்பது டிரிப்டான் வகையைச் சேர்ந்த சுமாட்ரிப்டான் 50 மில்லிகிராம், ஈப்போ டவுனில் டாக்டர் எழுதிக் கொடுத்தது. வலி தொடங்கியதும் போட வேண்டும். மைக்ரேன் வந்துவிட்டால் வயிறும் மந்தமாகிவிடும், மாத்திரை உள்ளே அப்படியே கிடக்கும், அதனால் பெரட்டு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பது) முடியட்டும், சம்பளக் கணக்கு முடியட்டும் என்று தள்ளிப்போட்டால் பாதிப் பலன்தான். முதல் மாத்திரையில் வலி போய்த் திரும்ப வந்தால் இரண்டு மணி நேரமாவது கழித்துத்தான் அடுத்தது. முதல் முறை போட்டபோது கழுத்தும் தோளும் கனத்தது, பயந்துபோனேன், இது பலருக்கும் வருவதுதான் என்று பிறகு சொன்னார்கள். ஆனால் இதய நோய், பக்கவாதம், கட்டுப்படாத ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு இது ஆகவே ஆகாது. எர்கோட்டமின் போட்ட 24 மணி நேரத்துக்குள்ளும் தொடக்கூடாது. பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டார் என்று ஒன்றைக் கிள்ளிக் கொடுக்கும் மருந்து இல்லை இது.

பொன்ஸ்தான் வேலை செய்யும், வயிற்றைத்தான் கெடுக்கும். சாப்பிட்ட பிறகு போடுங்கள், வெள்ளிக்கிழமை விரதத்தில் வெறும் வயிற்றில் வேண்டாம் (விரதமே எனக்கு வலியைக் கிளப்பும், அது தனிக்கதை). சிறுநீரகக் கோளாறு, அல்சர் இருந்தால் கேட்காமல் வாங்கவே கூடாது. பாராசிட்டமாலுக்குப் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 4 கிராம், அதாவது 500 மில்லிகிராமில் எட்டு, அதுதான் உச்சம். சளி மாத்திரையிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும், அட்டையைப் படியுங்கள். மலேசியாவில் பதிவான மருந்து என்றால் பெட்டியில் ‘மால்’ (MAL) என்று தொடங்கும் எண் இருக்கும். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கிற, எண் இல்லாத “வலி போக்கும்” உருண்டைகளை நான் வீட்டுக்குள் விடுவதில்லை, அப்படிப்பட்டவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்து பிடிபட்டதுண்டு.

பெண்களுக்கு ஒன்று: வலிக்கு முன் கண்ணில் வெளிச்சக் கோடுகள் தெரிகிற வகை மைக்ரேன் என்றால் கருத்தடை மாத்திரை கேட்கும்போது அதைக் கட்டாயம் சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜன் உள்ளவை பக்கவாத அபாயத்தைக் கூட்டும். இடி விழுந்ததுபோல் திடீரென உச்சத்துக்குப் போகும் வலி, வாய் குழறல், ஒரு பக்கம் மரத்துப்போவது, காய்ச்சலோடு கழுத்து இறுக்கம் இவையெல்லாம் வந்தால் மாத்திரை தேடாமல் 999.

வலி வராமல் தடுக்கத் தினமும் ப்ரொப்ரனலால் எடுக்கிறேன். முதல் மாதத்தில் ஒன்றும் தெரியவில்லை, இரண்டு மூன்று மாதம் பொறுத்தால்தான் தெரியும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் விடவில்லை. ஆஸ்துமா இருப்பவர்களுக்கு இது கொடுக்கமாட்டார்கள். இப்போது வட்டங்கள் நன்றாகக் குறைந்துவிட்டதால் அளவைக் குறைக்கலாமா என்று அடுத்த அப்பாய்ன்ட்மென்டில் கேட்க வேண்டும். திடீரென நாமாக நிறுத்தினால் இதயத்துடிப்பும் ரத்தக் கொதிப்பும் எகிறலாம், அதனால் அதுவரை வழக்கம்போல்.