புல்லட்டை அந்தரத்தில் நிறுத்திய மூன்று வருடம்

அப்பாவின் 1987 மாடல் புல்லட் 350-ஐ வீட்டிலேயே பிரித்து மாட்டலாம் என்று இறங்கியபோது, இன்ஜின்தான் பாடாய்ப் படுத்தும் என்று நினைத்தேன். இன்ஜின் ஒரு மாதிரி முடிந்துவிட்டது. வண்டியைத் தரையிலிருந்து தூக்கி, விழாமல் நிறுத்தத்தான் மூன்று வருடத்தில் நான்கு விதமான சாமான்களை மாற்றிப் பார்த்தேன்.

வேலை நடப்பது எங்கள் போர்டிகோவில். மழைத்தண்ணீர் ஓடுவதற்காகக் கேட் பக்கம் லேசான வாட்டம் விட்டுத் தரை போட்டிருக்கிறார்கள், கண்ணுக்குத் தெரியாது. ஒரு கோலிக்குண்டை வைத்தேன், கேட் வரை உருண்டு போனது. முன்பக்கம் தள்ளினால்தானே சென்டர் ஸ்டாண்டு மடங்கும்? அதனால் அன்றிலிருந்து வண்டியின் முகம் எப்போதும் மேட்டுப்பக்கம், அதாவது வீட்டைப் பார்த்துத்தான்.

சென்டர் ஸ்டாண்டு பாதி வேலைக்குப் போதும். பின் சக்கரம், செயின், பிரேக் எல்லாம் அதில் வைத்தே பார்த்தேன். ஒரு காலின் அடி தேய்ந்து வண்டி இடதுபுறம் சாய்ந்தே நின்றது. வெல்டிங் பட்டறையில் ஒரு தகடு வைத்துப் பற்றவைத்ததும் நேரானது. ஸ்டாண்டையும் முன் சக்கரத்தையும் சேர்த்து ஒரு ரேச்செட் பெல்ட் (பிடியை ஆட்டி ஆட்டி இறுக்கும் நாடா) போட்டு இறுக்கிவிட்டால் ஸ்டாண்டு பின்னால் மடங்க வழியில்லை. முன் பிரேக் லீவரைப் பழைய சைக்கிள் டியூபால் கட்டிவிடுவேன். இரண்டுக்கும் சேர்த்து ஆன செலவு ஒரு பெல்ட்டின் விலைதான். மூன்று வருடத்தில் அதிகம் உதவியதும் இவைதான்.

சிக்கல் முன் சக்கரத்தைக் கழற்றும்போது வந்தது. சக்கரம் போனால் மூக்கு தரையைத் தொடும், அடியில் முட்டுக் கொடுத்தாக வேண்டும். கார் டிக்கியில் இருந்த ஜாக்கியை எடுத்து, மேலே ஒரு விறகுக்கட்டையை வைத்து இன்ஜினுக்கு அடியில் ஏற்றினேன். அசையாமல் நின்ற மாதிரிதான் இருந்தது. துருப்பிடித்த ஆக்ஸில் நட்டை நீள ஸ்பானர் போட்டு ஓர் இழு இழுத்தேன். கட்டை உருண்டது, ஜாக்கி பக்கவாட்டில் சாய்ந்தது, 160 கிலோவுக்கு மேல் உள்ள வண்டி என் தோளில் வந்து சாய்ந்தது. ஃபுட்ரெஸ்ட் இடித்து ஒரு டைல் உடைந்ததோடு போயிற்று. அம்மா வெளியே வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் தெருமுனை மெக்கானிக் அண்ணனிடம் சொன்னபோது சிரித்தார். "தம்பி, இறுக்கமான நட்டெல்லாம் சக்கரம் தரையில இருக்கும்போதே லூஸ் பண்ணிடணும். தூக்கினப்புறம் கையால சுத்திக் கழட்டுற மாதிரிதான் இருக்கணும்." இத்தனைக்கும் நான் அதற்கு முன் பல மணி நேரம் வீடியோ பார்த்தவன். அப்புறம் இன்னொன்றும் சொன்னார்: தூக்கிய வண்டியில் ஸ்பானரைப் பக்கவாட்டில் இழுக்கவே கூடாதாம்.

பழைய புல்லட்டில் இன்ஜினுக்கு அடியில் சேஸ் பைப் ஓடாது. முன்பக்கம் இறங்கும் ஒற்றைப் பைப் கிராங்க் கேஸோடு, அதாவது இன்ஜினின் அலுமினிய அடிக்கூட்டோடு, நின்றுவிடும், மீதியை இன்ஜினே தாங்கிக்கொள்கிறது. ஆகவே ஜாக்கி நேராக அலுமினியத்தில்தான் உட்காரும். ஆயில் வடிக்கும் பிளக்குகள் வேறு அடியில் துருத்திக்கொண்டு நிற்கும். ஆசாரியிடம் இரண்டு அங்குலத் தேக்குப் பலகை வாங்கி, பிளக்குகளுக்கு நேராகக் குழி எடுத்துத் தரச் சொன்னேன். இன்றைக்கும் அதே பலகைதான்.

அந்தப் பலகைக்கு அடியில் வைக்க, அகலமான தலை கொண்ட மோட்டார்சைக்கிள் லிஃப்டை ஆன்லைனில் வாங்கினேன். திருகி ஏற்றுவது. 500 கிலோ தாங்கும் என்று போட்டிருந்தது. எடையைத் தாங்குகிறது, சந்தேகமில்லை. பக்கவாட்டு ஆட்டத்துக்கு அந்த எண் பொறுப்பேற்காது. அதனால் ஹேண்டில்பாரின் இரு பக்கமும் பெல்ட் போட்டு, ஒன்றைப் போர்டிகோ தூணிலும் இன்னொன்றைக் கொல்லையில் சும்மா கிடந்த ஆட்டுக்கல்லிலும் கட்டினேன். ஆட்டுக்கல் இம்மி நகரவில்லை. நண்பனின் ஹைட்ராலிக் ஜாக்கியையும் ஒரு ராத்திரி வைத்துப் பார்த்தேன். காலையில் ஓர் அங்குலம் இறங்கியிருந்தது. தூக்குவதற்கு ஹைட்ராலிக் சரி, தூக்கிய பிறகு அடியில் கட்டை கொடுத்துவிட வேண்டும். ஹாலோ பிளாக்கை மட்டும் யாரும் வைக்காதீர்கள், சத்தமில்லாமல் நொறுங்கும்.

இன்ஜினை இறக்கிய அன்று இந்த ஏற்பாடெல்லாம் செல்லாமல் போயிற்று. முன்னால் இருந்த கனம் போனதும் வண்டி பின்னால் உட்கார்ந்தது. பின் சக்கரத்தையும் கழற்றியதும் மறுபடி முன்னால் சாய்ந்தது. ஒவ்வொரு பாகமாகக் கழற்றும்போது எடை இடம் மாறிக்கொண்டே இருக்கிறது, காலையில் வைத்த முட்டு சாயங்காலத்துக்கு உதவாது. பெட்ரோல் டேங்க்கையும் பேட்டரியையும் முதலிலேயே எடுத்துவிட்டது ஒரு நிம்மதி.

கடைசியில் பட்டறையில் சொல்லி, பாக்ஸ் பைப்பில் இரண்டடி அகலம் மூன்றடி நீளத்தில் தொட்டில் மாதிரி ஒன்று செய்தேன். இன்ஜின் போல்ட் போகும் ஓட்டைகளிலேயே கம்பி நுழைத்து, கம்பி தொட்டிலின் பள்ளத்தில் உட்காரும். கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்), ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) புஷ், பெயின்டுக்கு முந்தைய தேய்ப்பு வேலை எல்லாம் அதில்தான் நடந்தது. பதினோரு மாதம் வெறும் சேஸ் அதிலேயே நின்றது. பக்கத்து வீட்டுப் பையன் ஒருநாள் மேலே ஏறி உட்கார்ந்து "டுப்பு டுப்பு" என்று ஓட்டிக்கொண்டிருந்தான், அசையவில்லை. இருந்தாலும் அன்றோடு கேட்டுக்குப் பூட்டுப் போட்டேன்.

குறைகள் உண்டு. லிஃப்டின் திருகு மரை இரண்டு மழைக்காலத்தில் துருப்பிடித்துவிட்டது, மாதம் ஒருமுறை கிரீஸ் வைக்கிறேன். வெயில் படும் பக்கமிருந்த பெல்ட் ஒன்றரை வருடத்தில் வெளுத்து நார் நாராக வந்தது, தூக்கிப் போட்டுவிட்டேன். தொட்டிலுக்குச் சக்கரம் வைத்தது என் முட்டாள்தனம். பூட்டினாலும் ஆடுகிறது, இப்போது கழற்றிவிட்டேன்.

புல்லட் போன தை மாதம் தன் சக்கரத்தில் நின்றது. இப்போது மாமாவின் ஆர்எக்ஸ் 100 வரிசையில் இருக்கிறது. அதன் ஓட்டைக்கு இந்தக் கம்பி சேரவில்லை, சன்னமாக ஒன்று கடைந்து தரச் சொல்லிப் பட்டறையில் கொடுத்திருக்கிறேன்.