பவளம் கரையும்போது: அயோடினா, கட்டரா, சிப்ரோவா?

வீட்டில் ரீஃப் டேங்க், அதாவது உப்புநீரில் பவளம் வளர்க்கும் தொட்டி, வைத்திருப்பவர்களிடம் கோரல் (பவளம்) நோய் பற்றிப் பேச்செடுத்தால் உடனே சிப்ரோ என்ற ஆண்டிபயாடிக் வந்துவிடுகிறது. வேலூரில் அது கொஞ்சம் கூடுதலாகவே வரும். ஐடா ஸ்கடர் சாலையில் சி.எம்.சி. மருத்துவமனைக்கு எதிரே இறங்கினால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை மருந்துக்கடைதான். கோரலை முக்கியெடுக்கவென்றே விற்கும் டிப் மருந்து வேண்டுமானால் சென்னை கொளத்தூரில் யாரிடமாவது சொல்லிவைத்து கூரியருக்குக் காத்திருக்க வேண்டும். பவளம் கண்ணெதிரே கரைந்துகொண்டிருக்கும்போது யாருக்கும் அந்தப் பொறுமை இருக்காது. ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது என்பதற்காக ஆண்டிபயாடிக்கை முதல் மருந்தாக்கக் கூடாது. அதற்கென்று ஓர் இடம் இருக்கிறது. அது வரிசையில் கடைசி இடம்.

முதலில் பார்க்க வேண்டியது, இது பாக்டீரியா வேலைதானா என்பதை. கிளைவிடும் அக்ரோபோரா என்ற கல்பவளத்தில் அங்கங்கே வட்டமாகத் தசை போய் எலும்பு வெளுத்துத் தெரிந்தால், அது தட்டைப்புழு கடித்த தடமாக இருக்கலாம். மோன்டிபோரா என்ற இன்னொரு கல்பவளத்தின் ஓரம் அரித்திருந்தால், அடியில் வெள்ளையாகக் குட்டி நூடிபிராங்க் (ஓடில்லாத கடல் நத்தை) ஒட்டியிருக்கிறதா என்று இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள். புழுவுக்கும் நத்தைக்கும் சிப்ரோ கொடுத்து ஒரு பயனும் இல்லை. டேங்கில் உப்பு ஏறி இறங்கியிருந்தாலோ கேஎச் (தண்ணீரின் காரத்தன்மை அளவு) ஒரே நாளில் தடாலென்று மாறியிருந்தாலோ கூட அக்ரோபோரா அடியிலிருந்து மெல்ல உரியும். அதற்கு மருந்தே கிடையாது, தண்ணீரைச் சரிசெய்ய வேண்டியதுதான்.

டார்ச், ஹேமர், ஃபிராக்ஸ்பான் என்ற பவள வகைகளைப் பிடிக்கும் பிரவுன் ஜெல்லி நோயை எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் அதிகம் பார்ப்பது இதுதான். ஒரு தலை உள்ளே இழுத்துக்கொள்ளும், அதன்மேல் பழுப்பாகக் கூழ் படியும், பவர்ஹெட் பம்ப் தள்ளும் நீரோட்டத்தில் நூல் நூலாக ஆடும். அந்தக் கூழை ஒரு துளி எடுத்துச் சாதாரண பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்பில் வைத்தாலே விஷயம் புரிந்துவிடும்: அழுகும் தசைக்கு நடுவே சிலியேட்டுகள் என்ற ஒருசெல் உயிரிகள் சரசரவென்று ஓடிக்கொண்டிருக்கும். சிலியேட் பாக்டீரியா இல்லை. சிப்ரோவோ, அமாக்சிசிலின் என்ற இன்னொரு ஆண்டிபயாடிக்கோ அதை நேரடியாகக் கொல்லாது. கூட இருக்கும் பாக்டீரியாவை வேண்டுமானால் அடக்கும்.

அதனால் இங்கே என் ஓட்டு அயோடினுக்குத்தான். பம்புகளை நிறுத்திவிட்டு, கூழ் மற்ற கோரல்மேல் பறக்காமல் பிப்பெட்டால் உறிஞ்சி எடுங்கள். கோரலை டேங்க் தண்ணீர் உள்ள தனி வாளிக்கு மாற்றுங்கள். லூகால் என்ற அயோடின் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, தண்ணீர் லைட் டீ நிறத்துக்கு வந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் போதும். அப்புறம் சுத்தமான உப்புநீரில் அலசி, நீரோட்டம் மிதமான இடத்தில் வைக்க வேண்டும். அயோடின் பாக்டீரியாவையும் தாக்கும், சிலியேட்டையும் தாக்கும். குறையும் உண்டு. தோலுக்கு மேலே உள்ளதைத்தான் அது தொடும். தசைக்குள் இறங்கியிருந்தால் எட்டாது. அளவு மீறினால் நல்ல தசையையே சுட்டுவிடும்.

அயோடினைவிடவும் உறுதியானது கட்டர். கிளை கிளையாக வளரும் டார்ச் என்றால் கெட்டுப்போன தலையை எலும்போடு வெட்டித் தூக்கிப் போட்டுவிடலாம், மிச்சத் தலைகள் பிழைக்கும். அக்ரோபோரா நுனியிலிருந்தோ அடியிலிருந்தோ உரிந்துகொண்டு வந்தால், உரியும் கோட்டிலிருந்து ஒரு சென்டிமீட்டராவது நல்ல தசைக்குள் தள்ளி வெட்டி, சூப்பர் குளூ ஜெல்லால் புதுப் பிளக்கில் (துண்டு ஒட்டும் சின்னப் பீடத்தில்) ஒட்டிவைக்கலாம். கோட்டிலேயே வெட்டினால் நோயும் கூடவே வந்துவிடும். தாய்ச்செடி போனாலும் பதியன் நிற்கிற மாதிரிதான் இது. பல வருடம் வளர்த்த காலனியைத் துண்டு போட மனசு வராது என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஆர்டிஎன் என்று சொல்லும் வேகமான தசையழிவில் ஒரு காலனி முழுவதும் ஒரே நாளில் போய்விடும். யோசித்துக்கொண்டே இருந்தால் வெட்டுவதற்கும் ஒன்றும் மிஞ்சாது. சோயாந்திட் என்ற கல்லெலும்பு இல்லாத வகையை வெட்டுவதானால் மட்டும் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள். அதிலுள்ள பாலிடாக்சின் என்ற நஞ்சு விளையாட்டுக் காரியமில்லை.

வெட்ட முடியாதவையும் இருக்கின்றன. சுவர்போல ஒரே எலும்பாக வளரும் வால் ஹேமர், ட்ராக்கிஃபிலியா, ஸ்கோலிமியா. ஒரே எலும்பு, ஒரே உடம்பு, எங்கே வெட்டுவது? அயோடின் ஒருமுறை பார்த்தாயிற்று, தசை உரியும் வெள்ளைக்கோடு நிற்காமல் நகர்கிறது, தண்ணீரில் குறை இல்லை, புழுவும் இல்லை. ஆண்டிபயாடிக்கின் இடம் இதுதான். அதுவும் தனி வாளியில், குளியலாக.

சிப்ரோ குளியல் பற்றி இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, வெளிச்சம் பட்டால் சிப்ரோஃப்ளாக்சசின் சிதையும். ரீஃப் லைட்டுக்கு அடியில் வைத்துக் குளிப்பாட்டினால் மருந்தின் வீரியம் போய்க்கொண்டே இருக்கும். மூடிய வாளியில், இருட்டில்தான் செய்ய வேண்டும். இரண்டாவது இன்னும் முக்கியம். இந்த மருந்தைப் பாலோடும் ஆன்டாசிடோடும் சேர்த்துச் சாப்பிடாதீர்கள் என்று டாக்டர்கள் சொல்வதற்குக் காரணம், கால்சியமும் மக்னீசியமும் அதைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும் என்பதுதான். கடல்நீரில் ஒரு லிட்டருக்கு மக்னீசியம் மட்டுமே சுமார் 1,300 மில்லிகிராம், கால்சியம் 400க்கும் மேல். அதாவது மருந்தை அதன் எதிரிக்கு நடுவே கொண்டுபோய் இறக்குகிறோம். கணக்குப் போட்டுப் போட்ட அளவில் வேலை செய்வது ஒரு பங்குதான். அமாக்சிசிலினுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அது தண்ணீரில் நிலைக்காது, காரத்தன்மையுள்ள உப்புநீரில் சீக்கிரமே உடைந்துபோகும். அதனால் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கலக்க வேண்டும். பென்சிலின் அலர்ஜி உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் அமாக்சிசிலின் கேப்சூலைப் பிரித்துத் தூள் பறக்கவிடவே கூடாது.

அமாக்சிசிலினுக்குப் பெரிய பேர் கிடைத்தது அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில். 2014இல் மியாமி பக்கம் தொடங்கிய கல்பவளத் தசையிழப்பு நோய் அங்கிருந்து கரீபியன் கடல் முழுக்கப் பரவியது. முக்குளிப்பவர்கள் அமாக்சிசிலினை ஒரு பசையில் குழைத்துப் புண்ணின் ஓரத்தில் கையால் அப்புகிறார்கள். பசை மருந்தை மெதுவாக, நாள்கணக்கில் வெளிவிடும். 2021இல் வந்த ஓர் ஆய்வில், இப்படிப் பூசிய புண்களில் 95 சதவீதம் ஆறியது. குளோரின் கலந்த எபாக்சி பசை பூசியவற்றுக்குச் சொல்லும்படி பலன் இல்லை. ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது: புண் ஆறிய பவளத்திலேயே வேறு இடத்தில் புதுப்புண் வந்தது. பூசிய இடத்தை மருந்து காக்கும், பவளத்தைக் காக்காது. மருந்தை எதிர்க்கும் கிருமி பெருகிவிடுமே என்ற கவலையில் அங்கே நன்மை செய்யும் பாக்டீரியாவையும் முயன்று பார்க்கிறார்கள். நோய் அண்டாத ஒரு பவளத்திலிருந்து எடுத்த சூடோஆல்டெரோமோனாஸ் வகை பாக்டீரியா ஒன்று ஆய்வகத்தில் நல்ல பலன் கொடுத்தது என்று 2023இல் எழுதினார்கள். நம் கைக்கு அது இன்னும் வரவில்லை. வந்தால் சிப்ரோவுக்கு முன்னால் அதற்குத்தான் இடம் கொடுப்பேன்.

நான் ஒரு காரணத்துக்காகவும் ஒப்புக்கொள்ளாதது, மாத்திரையை நேராக மெயின் டேங்கில் போடுவது. எல்லாக் கோரலுக்கும் ஒரேயடியாக வைத்தியம் ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள். லைவ் ராக்கில் (டேங்கில் போடும் உயிருள்ள கடல்பாறையில்) அம்மோனியாவைத் தின்று டேங்கை உயிரோடு வைத்திருப்பதும் பாக்டீரியாதான், பவளத்தின் சளிப்படலத்தில் குடியிருந்து காவல் காப்பதும் பாக்டீரியாதான். மருந்துக்கு நல்லது கெட்டது தெரியாது. சில டேங்குகளில் ஃபில்டர் தாங்கிக்கொள்ளலாம், அம்மோனியா ஏறாமலும் போகலாம். அப்போதும், மக்னீசியம் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ள, லைட் கொஞ்சம் சிதைக்க, ஃபில்டர் கார்பன் கொஞ்சம் உறிஞ்ச, மிச்சம் நிற்பது கிருமியைக் கொல்லாத, பழக்கிவிடுகிற அளவு. அரைகுறை மருந்தில் வளர்ந்த கிருமியை வைத்துக்கொண்டு அடுத்த நோய்க்கு என்ன செய்வது?

இத்தனை மருந்துப் பேச்சுக்கும் மேலே நிற்பது வெப்பம். மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு என்று நம் ஊரைச் சொல்வார்கள். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரி தாண்டுவது இங்கே செய்தியே இல்லை. விப்ரியோ கோரலிலிட்டிகஸ் என்ற பாக்டீரியா குளிர்ந்த நீரில் பெரும்பாலும் சாதுவாகக் கிடக்கும், 27 டிகிரியைத் தாண்டினால் பவளத் தசையைக் கரைக்கத் தொடங்கும். டேங்க் 25, 26இல் இருக்க வேண்டியது இதற்காகவும்தான். மே மாதம் மதியம் கரண்ட் போய், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் நின்றால் எவ்வளவு நேரத்தில் எத்தனை டிகிரி ஏறுகிறது என்று ஒருமுறை எழுதிவைத்துப் பாருங்கள். சிப்ரோ வாங்கும் யோசனை போய் இன்வெர்ட்டர் பேட்டரி வாங்கும் யோசனை வரும். போர்த் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவும் (டிடிஎஸ்) அப்படித்தான். ஆர்ஓவோடு நின்றுவிட்டு, மிச்ச அயனிகளையும் எடுக்கும் டிஐ வடிகட்டல் வரை போகாத டேங்குக்கு மருந்து தேடுவதில் அர்த்தமில்லை. சொல்ல மறக்கக் கூடாத இன்னொன்று: கல்பவளங்கள் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் எடுத்தது என்று யாராவது மலிவாகக் கொடுத்தால் தொடவே தொடாதீர்கள்.

நான் ஆண்டிபயாடிக்கைக் கடைசியில் வைப்பதற்கு என் டேங்க் மட்டும் காரணமில்லை. டைபாய்டுக்கு ஒரு காலத்தில் சிப்ரோ கைகண்ட மருந்து. இன்று இந்தியாவில் டைபாய்டு கிருமிகளில் பெரும்பாலானவை அதற்கு அடங்குவதில்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகளைக் கண்காணிக்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2013இல் தொடங்கிய வலையமைப்பில் நம் சி.எம்.சி.யும் இருக்கிறது. அந்த மருத்துவமனை வாசலில் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து காத்திருப்பவர்களுக்கு வேலை செய்ய வேண்டிய மருந்து இது. அட்டையில் சிவப்புக் கோடு போட்டிருப்பது அழகுக்காக இல்லை. டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது என்பதற்காக. மீனும் பவளமும் பார்க்கும் கால்நடை மருத்துவர் கிடைத்தால் அவரிடம் கேட்டு, அளவையும் அவரே சொல்ல வாங்குங்கள்.

குளியல் முடிந்த தண்ணீரை அப்படியே சாக்கடையில் ஊற்றாதீர்கள். பாலாற்றங்கரையில் தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்தது என்பதற்காக உச்ச நீதிமன்றம்வரை போய் 1996இல் தீர்ப்பு வாங்கிய ஊர் நம்முடையது. வாளியில் ப்ளீச்சிங் பவுடரைக் கலந்து, கோரலும் குழந்தைகளும் எட்டாத இடத்தில், காற்றோட்டமாக ஓர் இரவு விட்டுவிடுங்கள். குளோரின் அதிலுள்ள கிருமிகளைக் கொல்லும், சிப்ரோவையும் அமாக்சிசிலினையும் தாக்கி உடைக்கும். மறுநாள்தான் கொட்ட வேண்டும். அந்த வாளி, பிப்பெட், கட்டர் எல்லாம் அதே குளோரின் தண்ணீரில் முங்கி எழுந்து, நன்றாக அலசிக் காய்ந்த பிறகே அடுத்த டேங்குக்குப் போகலாம்.