ஒடுகத்தூர் ரோட்டு முயல் பண்ணை: ஐந்துக்கு நாலு நட்சத்திரம், அந்த ஒன்று ஏன் போனது என்றும் சொல்கிறேன்

போர்டு கிடையாது. வேலூர் பக்கம் அணைக்கட்டு ஊரைத் தாண்டி ஒடுகத்தூர் போகிற வழியில், மெயின் ரோட்டிலிருந்து தோப்புக்குள் இறங்கினால் ஒரு ஓட்டு வீடு, பின்னால் ரெண்டு ஷெட், அவ்வளவுதான். போன் பத்து தடவை அடித்தால் பண்ணைக்காரர் ஒரு தடவை எடுப்பார். எடுத்தாலும் "நேர்ல வாங்க சார்" என்பதற்கு மேல் பேச்சு இல்லை.

அங்கே போனதற்குக் காரணம் டவுனில் ஒரு கலர்மீன் கடை. பொண்ணு முழுப் பரீட்சை முடிந்ததும் முயல் கேட்டாள், அந்தக் கடையில் ஜோடி அறுநூறு, "ரெண்டும் ஆண்தான் சார், குட்டி போடாது" என்று அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஒன்று நாலாம் நாளே வயிறு உப்பிச் செத்துப்போனது. நாலு வாரம்கூட ஆகியிருக்காத, தாய்ப்பால் மறக்காத குட்டி என்று பிறகுதான் தெரிந்தது. இன்னொன்றும் அந்த வாரம் தாண்டவில்லை. 2018-லேயே மத்திய அரசு செல்லப்பிராணிக் கடைகளுக்கு விதி போட்டிருக்கிறது, மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு இல்லாமல் விற்கக் கூடாது, முயலும் அந்தப் பட்டியலில் உண்டு. பதிவு இருக்கிறதா என்று கேட்டேன், என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுத்த ஆளுக்கு மீன் பிடிக்கப் போய்விட்டார்.

சரி, பண்ணைக்கு வருவோம். முதல் தடவை போனபோது முயலையே காட்டவில்லை. வீடு வாடகையா, மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டு வைக்கிற ஐடியாவா, நாய் இருக்கிறதா என்று பொண்ணு பார்க்க வந்தவர் மாதிரி விசாரணை. "எட்டு வருஷம் பத்து வருஷம் இருக்கும் சார், பாப்பா காலேஜ் போயிடுச்சுன்னா யாரு பாக்கறது?" எனக்கு எரிச்சல்தான் வந்தது. காசு கொடுத்து வாங்க வந்தவனிடம் இப்படியா? பங்குனி வெயிலில் பைக்கில் போனவனை "ஷெட்ல இப்ப குட்டி இல்ல, கத்திரி முடிஞ்சு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

காரணம் கேட்டபோதுதான் ஆள் வாயைத் திறந்தார். வேலூர் வெயிலில் முயலுக்கு உயிர் போகும், வியர்க்காது, காது வழியாகத்தான் சூட்டை வெளியே தள்ளும். ஆண் முயலின் விந்தும் வெயிலில் கெட்டுவிடும். அதனால் சித்திரை, வைகாசியில் இணை சேர்ப்பதே இல்லையாம். சினைக்காலம் ஒரு மாதம்தான், குட்டி போட்ட அன்றைக்கே மறுபடி சினை பிடிக்கும், ஆறேழு குட்டி போடுகிற ஜாதி. வருஷம் முழுக்க ஓட்டினால் பணம் கொட்டும். இவர் ஒரு தாய்க்கு வருஷம் மூன்று ஈத்தோடு நிறுத்துகிறார். ஷெட்டில் ஒவ்வொரு கூண்டுக்குப் பக்கத்திலும் படுக்கவைத்த மண்பானை, மேலே ஈரக் கோணி. தீவனம் வேலிமசால், கல்யாண முருங்கை, அருகு. முயல் மசால் என்றே ஒரு பயிர் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும், நான் ஏதோ வடநாட்டு சமாச்சாரம் என்று நினைத்துவிட்டேன்.

ஆவணி கடைசியில் மறுபடி போனோம். எட்டு வாரக் குட்டி ஒன்றை எடுத்து மடியில் மல்லாத்திப் போட்டார், அது கால் நீட்டி அசையாமல் கிடந்தது. தூங்குகிறது என்று பொண்ணு சிரித்தாள். "தூங்கல பாப்பா, பயத்துல அப்படி ஆயிடும், சும்மா சும்மா இப்படிப் போடக்கூடாது" என்று சொல்லிக்கொண்டே மேலுதட்டைத் தூக்கி, மேல் பல் கீழ்ப் பல்லுக்கு முன்னால் விழுகிறதா என்று காட்டினார். பல் வளர்ந்துகொண்டே இருக்கும், சரியாக உரசாவிட்டால் சுருண்டு வாயைக் குத்தும், வம்சத்திலும் இறங்கும். அப்படி ஒரு குட்டி வந்தால் அந்த ஜோடியை மறுபடி சேர்ப்பதில்லை. அப்புறம் வாலுக்குக் கீழே கட்டைவிரலால் லேசாக அழுத்தி, வட்டமாக வந்தால் ஆண், கீறலாக வந்தால் பெண் என்று என்னையே பார்க்கச் சொன்னார். கடைசியில் காதுக்குள் பச்சை குத்திய நம்பர். ரெட்டைக்கோடு நோட்டில் அந்த நம்பருக்கு நேராக என் பெயர், விலாசம், போன். "எப்ப வேணாம்னாலும் என்கிட்டயே கொண்டாந்துடணும், காசு திரும்பத் தரமாட்டேன், முயல வாங்கிப்பேன்."

இந்த நோட்டுக்கு ஒரு கதை உண்டு. ஈமு கோழி மோசடிக் காலத்தில் முயலுக்கும் அதே மாதிரி ஒரு கம்பெனி வந்து, குட்டியெல்லாம் நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்று இவரிடம் ஒரு யூனிட் முயல் விற்றிருக்கிறது. ஆறு மாதத்தில் கம்பெனியைக் காணோம், ஷெட்டில் அறுபது முயல். திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதில் மனுஷன் இவ்வளவு பிடிவாதமாக இருப்பது அதனால்தான்.

இந்தப் பண்ணையைப் பற்றி நான் நல்லவிதமாகச் சொன்னதும் காட்பாடியில் ஓர் அக்கா சண்டைக்கே வந்துவிட்டார். அவர் மாடியில் பதினோரு முயல், எல்லாம் விட்டுவிட்டுப் போனவை. பரீட்சை முடிந்து ரூமைக் காலி செய்கிற பசங்க பாலாற்றங்கரையில் விட்டுவிடுகிறார்களாம், காட்டுமுயல் மாதிரிப் பிழைத்துக்கொள்ளும் என்று. காட்டுமுயல் வேறு ஜாதி, கண் திறந்து ரோமத்தோடு பிறக்கிறது. நாம் வளர்ப்பது ஐரோப்பாவில் வளை தோண்டி வாழ்ந்த முயலின் வம்சம், கண் திறக்கவே பத்து நாள் ஆகும். வெள்ளை வெளேரென்று ஆற்று மணலில் உட்கார்ந்திருந்தால் ராத்திரி நாய் விடுமா? "அவரு ஒரு குட்டி வித்தா என் மாடியில இருக்கற ஒண்ணுக்கு வீடு போச்சு தம்பி, நல்லவரா கெட்டவரான்னு எனக்கென்ன?" என்றார். பதில் இல்லை. பண்ணைக்காரரிடம் கேட்டால், நான் நிறுத்தினால் கடைக்காரன் நிறுத்துவானா என்கிறார். சாராயம் காய்ச்சுகிறவரும் இதையேதான் சொல்வார், இந்த வாதம் எனக்கு ஒப்பவில்லை. ஆனால் அந்தப் பதினொன்றின் காதையும் நானே புரட்டிப் பார்த்தேன், ஒன்றில்கூட நம்பர் இல்லை.

இரண்டாவது ஷெட் கறிக்கு. மறைக்கவில்லை, கேட்டதும் சொன்னார். அக்காவுக்கு அதுதான் பெரிய கோபம். ஆம்பூர் பிரியாணி தின்கிற வாயால் நான் நியாயம் பேச முடியாது, பொண்ணை அந்தப் பக்கம் கூட்டிப்போகவில்லை, அவ்வளவுதான்.

நட்சத்திரம் குறைத்தது கம்பித் தரைக்கு. பெரிய முயல்களுக்கு உள்ளங்கால் ரோமம் தேய்ந்து சிவந்திருந்தது, ஒரு பலகைத் துண்டு போட்டால் தீருகிற விஷயம். கருத்தடை பற்றியும் தானாக எதுவும் சொல்வதில்லை. பெண் முயலுக்கு அதைச் செய்யாவிட்டால் வயதாக ஆகக் கர்ப்பப்பையில் புற்று வர வாய்ப்பு மிக அதிகம். ஐந்நூறு ரூபாய் கூடுதலாக வாங்கி வைத்துக்கொண்டு, ஆபரேஷன் முடிந்த சீட்டைக் காட்டினால் திருப்பித் தரலாமே என்றேன். "ஆளு வராது சார்." வருவார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

எங்களுடையதைக் கருத்தடைக்குச் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போனோம், அக்காதான் சொன்னார். அதற்கு முன் இங்கே ஒரு கிளினிக்கில் முதல்நாள் ராத்திரியிலிருந்து பட்டினி போடச் சொன்னார்கள். முயலால் வாந்தியே எடுக்க முடியாது, பட்டினி போட்டால் குடல்தான் நின்றுபோகும், அங்கிருந்து எழுந்து வந்துவிட்டோம்.

தனியாக இருக்கிறதே என்று ஐப்பசியில் துணைக்கு இன்னொன்று வாங்கப் போனேன். ஷெட்டில் குட்டி இருந்தது. இருந்தும், "புதுசு எதுக்கு, அந்தக் காட்பாடி அம்மாகிட்ட ஆபரேஷன் ஆன ஆண் இருக்குமே" என்று அனுப்பிவிட்டார். அக்காவிடம் யார் அனுப்பியது என்று சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு சாம்பல் கலரில் ஒரு காது மடங்கிய ஒன்றைத் தூக்கிக் கொடுத்தார்.

போகிறவர்கள் காலை ஒன்பதுக்குள் போங்கள், மூடி போட்ட கூடை எடுத்துப் போங்கள், அட்டைப்பெட்டியில் போட்டுத் தரமாட்டார். என் நம்பரை எழுதியதும் வீட்டுக்காரியின் நம்பரையும் கேட்டு எழுதிக்கொண்டார். ஆம்பளைங்க நம்பர் மாத்திடறாங்களாம்.