வீட்டுக்கு வந்து ஃப்ரீயா தண்ணி டெஸ்ட் பண்றேன்னு சொன்னா உள்ள விடாதீங்க

ரொம்ப கோவத்துல எழுதுறேன். வாட்டர் பியூரிஃபயர வீடு வீடா வந்து விக்கிற ஒரு கம்பெனி, பேரு போடல, எங்ககிட்ட ஒரு மாசச் சம்பளத்த முழுசா வாங்கிட்டுப் போயிட்டாங்க.

சின்னவளுக்கு அடிக்கடி வயித்தால போயிட்டே இருந்துச்சு, டாக்டரும் தண்ணியப் பாருங்கன்னாரு, அந்த நேரத்துலதான் ஒருத்தர் வந்தாரு. "வாங்கணும்னு இல்ல சார், சும்மா டெஸ்ட்தான்"னு ரெண்டு டம்ளர் கேட்டாரு. ஒண்ணுல எங்க குழாய்த் தண்ணி, இன்னொண்ணுல அவரு பாட்டில்ல கொண்டுவந்தது. கம்பி கம்பியா நீட்டிட்டிருக்குற ஒரு பொருள ரெண்டுலயும் விட்டு கரண்ட் குடுத்தாரு. கொஞ்ச நேரத்துல எங்க தண்ணி துரு நெறத்துல கலங்கி கெட்டியாயிருச்சு, அவரோடது தெளிவா அப்படியே இருக்கு. "இதத்தான் சார் பாப்பா குடிக்குது"ன்னு அவளப் பாத்துட்டே சொன்னாரு. என் மனைவி அழுதுட்டா. அந்த எடத்துல எந்த அப்பா அம்மா காசு பாப்பாங்க? அன்னிக்கே முழுப் பணமும் குடுத்துட்டோம்.

இப்பத்தான் தெரியுது, அந்த நெறம் தண்ணில இருந்த அழுக்கே இல்ல. அவரு உள்ள விட்ட பொருள்ல இருக்குறது இரும்புக் கம்பி. தண்ணில உப்பு கரைஞ்சிருந்தா கரண்ட் பாஞ்சு இரும்பு அரிச்சு துருவா வரும், அவரு கொண்டுவந்தது ஆர்ஓ தண்ணி, அதாவது சவ்வு வழியா உப்ப வடிகட்டுன தண்ணி, அதுல உப்பு கம்மி, அதனால ஒண்ணும் ஆகாது. அவரு தண்ணில ஒரு சிட்டிகை உப்பு போட்டிருந்தா அதுவும் இப்படித்தான் கலங்கியிருக்கும். கிருமி இருக்கா இல்லையான்னு அதுல தெரியவே தெரியாது.

மெஷின் மாட்டியும் பாப்பாவுக்கு நிக்கல. லேப்ல குடுத்தா குழாய்த் தண்ணி, மெஷின் தண்ணி ரெண்டுலயும் ஈ.கோலை, மலம் கலந்த தண்ணில இருக்குற கிருமி. குடிக்கிற தண்ணின்னா 100 மில்லில ஒண்ணு கூட இருக்கக் கூடாது. தெரிஞ்ச பிளம்பர் தெறந்து பாத்தாரு, மெம்பிரேன், அதான் தண்ணிய வடிகட்டுற சவ்வு, அது இருக்க வேண்டிய எடம் காலி. காலிங்க! ஒரு மாசச் சம்பளத்துக்கு வெறும் டப்பா.

போன் பண்ணா மொதல்ல "இஞ்சினியர் வருவாரு", அப்புறம் "உங்க ஏரியா தண்ணி மோசம் சார், மெஷின் என்ன பண்ணும்", கடைசில "வெளி ஆள் தெறந்துட்டாரு, வாரண்டி போச்சு". உள்ள இல்லாத பொருளுக்கு என்னய்யா வாரண்டி? வித்தவரு நம்பர் ஸ்விட்ச் ஆஃப். ஒரு மாசச் சம்பளம்!

என்னென்ன பாத்து வாங்கணும்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன், கை நடுங்குது. கம்பி டெஸ்ட் காட்டுனா வெளிய அனுப்புங்க. தண்ணில முக்கி நம்பர் காட்டுவாங்களே, அந்த டிடிஎஸ் மீட்டரும் கரைஞ்ச உப்பத்தான் காட்டும், கிருமிய இல்ல. மாட்டும்போது மெம்பிரேன கண்ணால பாத்துட்டு அப்புறம் பணம் குடுங்க. அதுவரைக்கும் தளதளன்னு கொதிக்க வெச்சு ஆற வெச்சுக் குடிங்க, கிருமி செத்துரும், ஆனா ஃப்ளோரைடு நைட்ரேட்லாம் கொதிக்க வெச்சா போகாது, அதுக்கு லேப்ல குடுத்துப் பாத்துருங்க.